நேரலை ஆராதனை: வசனம் வீடு வந்தது, பந்தி வரவில்லை

எங்கள் சபையின் ஞாயிறு நேரலையைப் பற்றி எழுதச் சொன்னது வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள்தான். "டீச்சர், கோயிலுக்கும் வர்றீங்க, வீட்ல இருந்தும் பாக்குறீங்க. ரெண்டையும் பார்த்தவங்க நீங்க மட்டும்தான். உள்ளதை உள்ளபடி எழுதுங்க" என்றார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவளிடம் இப்படிச் சொன்னால் சிவப்பு மையோடுதான் வருவேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

சபையின் பெயரைப் போடவில்லை. தரங்கம்பாடிக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே வயலோரத்தில் இருக்கிற லுத்தரன் சபை, அவ்வளவு போதும். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து படுக்கைதான். ஒரு ஞாயிறு நான் கோயிலுக்குப் போனால் அடுத்த ஞாயிறு அவர் மகன் போவார். வீட்டில் இருக்கிற ஆள் அத்தையோடு உட்கார்ந்து டிவியில் ஆராதனை பார்ப்பது என்று வழக்கமாகிவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காலை எட்டரை என்றால் எட்டரைக்கு நேரலை தொடங்கிவிடுகிறது. சபையார் வந்து சேருவது அதற்குப் பிறகுதான் என்பது வேறு விஷயம். பாட்டின் எண்ணும் வரிகளும் திரையில் கொட்டை எழுத்தில் வருகின்றன. பாட்டுப் புத்தகத்தின் பொடி எழுத்தோடு மல்லுக்கட்டிய அத்தை இப்போது கண்ணாடி இல்லாமலே கீர்த்தனை பாடுகிறார். பிரசங்கம் ஒரு சொல் விடாமல் காதில் விழுகிறது. கோயிலுக்குள் மின்விசிறிச் சத்தமும் காக்கைச் சத்தமும் உயர்ந்த கூரையின் எதிரொலியும் சேர்ந்து பாதியை விழுங்கிவிடும். எங்கள் குருவானவர் இவ்வளவு நன்றாகத் தயாரித்துக்கொண்டு வருகிறார் என்பது எனக்குத் திரைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

இனி சிவப்பு மை.

ஒலியைப் பிள்ளைகள் மிக்சரிலிருந்து நேராகக் கம்பி போட்டு எடுக்கிறார்கள். அதனால் மைக் முன்னால் இருப்பது மட்டும்தான் வருகிறது: குருவானவர், பாடகர் குழுவில் நான்கு பேர், கீபோர்டு. சபை பாடுவது அடியோடு வருவதில்லை. இது தொழில்நுட்பக் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. எங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் ஜெர்மனியில் செய்த பெரிய காரியங்களில் ஒன்று, பாட்டைப் பாடகர் குழுவிடமிருந்து வாங்கிச் சபையின் வாயில் வைத்தது. எங்கள் சபையில் மூன்றாம் வரிசையில் ஒரு பெரியவர் எல்லாரும் நிறுத்திய பிறகும் அரை அடி இழுத்துப் பாடுவார். பின்னால் குழந்தைகள் சுருதி பிசகிக் கத்துவார்கள். அதெல்லாம் சேர்ந்ததுதான் எங்கள் பாட்டு. நேரலையில் வருவது சுத்தமான பாட்டு. அதில் எங்கள் சபை இல்லை.

கேமராவும் அப்படித்தான். இடது பக்க இரண்டாம் தூணருகே முக்காலியில் நின்று பீடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. முன்வரிசைத் தலைகளின் பின்புறம் கொஞ்சம் தெரியும். அத்தைக்குப் பிரசங்கத்தின் பொருள் முழுதும் நினைவில் இருக்கும், ஆனால் நான் கோயிலிலிருந்து திரும்பியதும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கு யார் யார் வந்திருந்தாங்க?" இரண்டு மணிநேரம் நேரலை பார்த்தவருக்கு இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்றால் அங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது. லுத்தரன் சபைகளின் அடிப்படையான, 1530-இல் எழுதிய ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் ஏழாம் பிரிவைத் திடப்படுத்தல் வகுப்பில் எங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்தார்கள். சபை என்பது பரிசுத்தவான்களின் கூட்டம். அங்கே சுவிசேஷம் சுத்தமாகப் போதிக்கப்படுகிறது, சாக்கிரமெந்துகள், அதாவது ஞானஸ்நானமும் திருவிருந்தும், முறைப்படி வழங்கப்படுகின்றன என்பது அதன் சாரம். போதனை வருகிறது. கூட்டம் வரவில்லை. சாக்கிரமெந்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீடு கோயிலுக்குப் பக்கம் என்பதால் ஒரு வேடிக்கை. கோயில்மணி ஜன்னல் வழியாக முதலில் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து அதே மணி டிவியில் அடிக்கும். "கர்த்தர் உங்களோடிருப்பாராக" என்று குருவானவர் சொல்லி, சபை பதில் சொல்லி முடித்து, அடுத்த பகுதிக்குப் போன பிறகுதான் எங்களுக்கு முதல் வரியே வந்து சேரும். அத்தை தன் பதிலைக் கணீரென்று சொல்வார். கர்த்தருக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டல்ல என்று நான் நம்புகிறேன். ஐப்பசி அடைமழையில் கரண்ட் போய்விட்டால் பதில் சொல்லவும் ஒன்றும் இருக்காது. கஜா புயல் அடித்த 2018-ஐ இங்கே யாரும் மறக்கவில்லை.

என் மகன் தோஹாவில் இருக்கிறான். அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிறு வேலைநாள். வெள்ளிக்கிழமை அங்குள்ள ஆராதனைக்குப் போவான். ஞாயிறு இரவில் நம்மூர் ஆராதனையின் பதிவைப் பார்ப்பான். பதிவு ஆராதனை ஆகுமா என்று அவனோடு போனில் ஒருநாள் விவாதம். அவன் விவரமானவன். "பவுல் கொலோசெயருக்கு எழுதின கடிதத்தை லவோதிக்கேயா சபையிலயும் வாசிக்கச் சொல்றாரே, அது பதிவு இல்லாம என்னம்மா?" என்றான். சரியான வாதம். சரீரத்தினாலே தூரமாயிருந்தும் ஆவியினாலே உங்களோடேகூட இருக்கிறேன் என்று கொரிந்தியருக்கு எழுதினவரும் அதே பவுல்தான். அப்புறம், தன் வேலைக்காரனைக் குணமாக்கச் சொல்லி இயேசுவிடம் கேட்ட ரோமப் படைத்தலைவரான நூற்றுக்கு அதிபதியையும் இழுத்தான். "ஒரு வார்த்தைமாத்திரம் சொல்லும்னு அவர் சொன்னப்ப இயேசு நேர்ல போகலையே!"

வசனத்தின் மட்டில் அவன் சொன்னதில் ஒரு புள்ளிகூடக் குறைக்க மாட்டேன். தரங்கம்பாடிக்காரிக்கு இது தெரியாமல் இருக்க நியாயமில்லை. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் இந்தக் கரையில் இறங்கினார். கடல் கடந்து வந்த அச்சு இயந்திரத்தில் 1715-க்குள் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுதும் அச்சேறிவிட்டது. பிரசங்கியார் பக்கத்தில் இல்லாமலே வசனம் ஒரு வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சேரலாம் என்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய புதுமை! இன்றைய நேரலைக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஆனால் புத்தகம் வந்துவிட்டது, இனி அவரவர் வீட்டில் வாசித்துக்கொள்ளட்டும் என்று அவர் இருந்துவிடவில்லை. 1718-இல் புது எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையானது. அடுத்த வருஷம் இறந்து அதற்குள்ளேயே அடக்கமானார். அச்சகமும் வேண்டும், ஆலயமும் வேண்டும் என்பதுதான் இந்த ஊர்க் கணக்கு.

மகனிடம் எனக்கு உடன்பாடில்லாதது வேறு. பாவ அறிக்கையைத் தள்ளிவிட்டு நேரே பிரசங்கத்துக்குப் போகிறான். அதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறான். எங்கள் குருவானவர் அந்த வேகத்தில் கபடி வர்ணனையாளர் மாதிரி இருக்கிறாராம். சிரித்தேன். ஆனால் கொரிந்து சபையைப் பவுல் கடிந்துகொண்ட இடத்தை நினைத்துக்கொண்டேன்: "நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." அங்கே வசதியுள்ளவன் முந்திக்கொண்டு சாப்பிட்டான், இல்லாதவன் பசியோடு நின்றான். ஆராதனையில் பாதி நேரம் காத்திருப்பதுதான். மெதுவாக நடக்கிற பாட்டி பீடத்துக்கு வந்து சேரும்வரை, அழுகிற குழந்தையை வெளியே தூக்கிப்போகும்வரை, வேதபாடம் வாசிக்கிற பையன் நெபுகாத்நேச்சார் என்கிற பெயரைத் தாண்டும்வரை. திரையில் யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. வசதி என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

நேரலையின் ஓரத்தில் ஓடுகிற குறிப்புகளுக்கு முழு மதிப்பெண். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை, கும்பிடுகிற கைப் படங்களாக வரிசையாக ஓடும். ஒரு ஞாயிறு குவைத்திலிருந்து ஒரு பிள்ளை, அப்பாவுக்குத் தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை நடக்கிறது என்று எழுதியது. கேமரா பார்க்கிற பையன் துண்டுச்சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்க, பொது ஜெபத்தில் குருவானவர் அந்தப் பெயரைச் சொன்னார். சபை முழுதும் ஆமென் என்றது. அன்று மாலையே இரண்டு பேர் பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் குவைத்திலிருந்த அந்தப் பிள்ளை அன்றைக்கு ஆராதனையில்தான் இருந்தது.

அறுப்பின் பண்டிகையையும் சொல்லவேண்டும். நெற்கதிர்க் கட்டு, பூசணி, சேவல், வாழைத்தார், பனங்கிழங்கு என்று கொண்டுவந்து படைப்பதும், ஆராதனை முடிந்து ஏலம் விடுவதும் எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். போன பண்டிகையில் ஏலத்தையும் நேரலையில் காட்டினார்கள். ஒரு வாழைத்தாருக்கு தோஹா, சிங்கப்பூர், உள்ளூர் டீக்கடைக்காரர் என்று மூன்று முனைப் போட்டி. வாட்ஸப்பில் வருகிற தொகையை ஒருவன் கத்திச் சொல்ல, நேரலை பின்தங்கி ஓடுவதால் ஏற்கெனவே தாண்டிவிட்ட தொகையைச் சிங்கப்பூர் திரும்பத் திரும்பக் கேட்க, ஒரே கூத்து. கடைசியில் சிங்கப்பூருக்கே போனது. பணம் அந்த நிமிஷமே வந்துவிட்டது. தாரை யார் வீட்டில் வைப்பது என்று பார்த்தால், "பக்கத்துல இருக்கவங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்துடுங்க" என்று செய்தி. எங்களுக்கும் ஒரு சீப்பு வந்தது. நேரலையால் நடந்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இப்போது பந்திக்கு வருகிறேன்.

பந்தி என்று நான் சொல்வது திருவிருந்தை, இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைத்து அப்பமும் திராட்சரசமும் வாங்குவதை. அது நடக்கும்போது எங்கள் நேரலையில் சூரிய உதயப் படமும் கீபோர்டு இசையும் வரும். இது சரி. பீடத்தண்டையில் முழங்காற்படியிட்டு வாய் திறந்திருக்கிறவர்களின் முகம் ஊருக்குக் காட்ட வேண்டியதல்ல. ஆனால் படுக்கையில் இருக்கிற அத்தைக்கு அந்த நேரம்தான் மிக நீளம்.

பொது முடக்கம் வந்த 2020-இல் பெரிய வியாழன், உயிர்த்தெழுதல் பண்டிகை எல்லாமே வீட்டுக்குள் போயின. அப்போது ஒரு சேனலில், பெயர் வேண்டாம், பிரசங்கியார் ஒருவர், வீட்டிலிருக்கிற ரொட்டியையோ பிஸ்கட்டையோ எடுங்கள், திராட்சை ஜூஸ் ஊற்றிக்கொள்ளுங்கள், நான் இங்கிருந்து ஜெபிக்கிறேன், அங்கே நீங்களே புசியுங்கள் என்றார். தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் செய்தார்கள். பசித்து நின்றவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். சில சபைகள் யோசித்து, விவாதித்து அதை அனுமதித்தும் இருக்கின்றன. எங்கள் குருவானவர் செய்யவில்லை. அவரோடு நான் உடன்படுகிறேன். காரணத்தை மட்டும் என் பாணியில் சொல்கிறேன்.

கிறிஸ்து தோஹாவுக்கு வரமாட்டார் என்று எந்த லுத்தரனும் சொல்ல முடியாது. இந்த மலையிலும் எருசலேமிலும் மாத்திரமல்ல என்று அவரே சமாரியப் பெண்ணிடம் சொல்லிவிட்டார். அவர் வருவார். பக்கத்து வீட்டுக்காரர்தான் வரமாட்டார். கடைசி இராப்போஜனத்தில் பாத்திரத்தை எடுத்து, "நீங்கள் இதை வாங்கி, உங்களுக்குள்ளே பங்கிட்டுக்கொள்ளுங்கள்" என்றார் என்று லூக்கா எழுதுகிறார். நானே எடுத்து நானே குடித்தால் யாரோடு பங்கிட்டேன்? இன்னொரு மனுஷரின் கையிலிருந்து வாங்கவேண்டியிருக்கிறது. அந்தக் கை யாருடையது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கில்லை.

இந்தக் கை விஷயம் காவிரிக்கரைச் சபைகளுக்குப் புதிதல்ல. 1733-இல் தரங்கம்பாடி மிஷனில் ஆரோன் குருப்பட்டம் பெற்றார்; புராட்டஸ்டண்ட் சபையின் முதல் இந்தியக் குருக்களில் அவர் பெயர்தான் முன்னால் நிற்கிறது. அடுத்து ஒருவரைத் தேடியபோது ராஜநாயக்கன் என்கிற உபதேசியார் இருந்தார். தஞ்சாவூர் அரசரின் படையில் சேவகராக இருந்தவர். தஞ்சாவூர்ச் சீமையில் சபைகளை வளர்த்தவர். பிறப்பால் பறையர். அவர் கையால் இராப்போஜனம் வாங்க மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் மனம் ஒப்பமாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741-இல் பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. நூறு வருஷம் கழித்தும் தீரவில்லை: சாதி வேற்றுமையைச் சபைக்குள் உடனே ஒழிக்கவேண்டும் என்று 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் கடிதம் எழுதியபோது தஞ்சாவூர் சபையில் பெரிய எதிர்ப்பு. தனித்தனி இருக்கை, பாத்திரத்தில் யார் முதலில் வாய் வைப்பது என்றெல்லாம் சண்டை.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, என்னோடு வேலைபார்த்த கணக்கு டீச்சர் ஒரே போடாகப் போட்டார். "அதனாலதான் எனக்கு நேரலை புடிக்குது டீச்சர். திரையில முன்வரிசை பின்வரிசை கெடையாது. எங்கம்மா காலத்துல, 'நீங்க அந்தப் பக்கம்'னு வாயால சொல்லமாட்டாங்க, கண்ணால காட்டுவாங்க. இப்ப என்னை எவரும் பாக்கலை. நிம்மதியா ஜெபிக்கிறேன்." அவர் அம்மா பட்டதை நான் படவில்லை. நேரலை ஆராதனையைப் பற்றி நான் படித்த, கேட்ட எல்லாவற்றிலும் கனமான வாதம் இதுதான். அதை மறுத்து என்னால் எழுத முடியாது. நான் அவரிடம் சொன்னது ஒன்றுதான்: திரையில் உங்களை ஒருவரும் ஒதுக்கவில்லை, நிஜம். ஆனால் யாருடைய பாட்டி உங்கள் அம்மாவுக்குக் கண்ணால் காட்டினாரோ, அந்தப் பேரன் உங்களுக்குப் பிறகு அதே கிண்ணத்தில் வாய் வைக்கவேண்டிய கட்டாயமும் திரையில் போய்விடுகிறது. அவன் தப்பித்துக்கொள்கிறான். "அது அவன் பிரச்சினை" என்றார் அவர். பேச்சு அங்கேயே நிற்கிறது.

பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அக்கா வேளாங்கண்ணித் திருப்பலியைத் தினமும் நேரலையில் பார்ப்பவர். 2020 திருவிழாவில் பக்தர்களை ஊருக்குள் விடவில்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தை அவர் டிவி முன்னால் முழங்காலில் நின்று பார்த்தார். அவர்கள் சபையில் இதற்கு ஒரு தெளிவு இருக்கிறது. இணையத்தில் திருவருட்சாதனங்கள் (நாங்கள் சாக்கிரமெந்து என்பது) இல்லை என்று வத்திக்கான் 2002-லேயே ஓர் ஆவணத்தில் சொல்லிவிட்டது. நேரில் நன்மை, அதாவது திருவிருந்து, வாங்க முடியாதவர்களுக்கு, உம்மை ஆசையால் ஏற்றுக்கொள்கிறேன் என்கிற பொருளில் ஒரு ஜெபம் வைத்திருக்கிறார்கள்; அவர்கள் புனிதர் அல்போன்ஸ் லிகோரி எழுதியது. "நான் வாங்கினேன்னு நெனச்சுக்கறது இல்ல டீச்சர், வாங்கலையேன்னு ஏங்கறது" என்றார் அக்கா. எங்கள் நேரலையில் சூரிய உதயம் ஓடுகிற நேரத்தில் இப்படி ஓர் ஏக்கத்தின் ஜெபத்தைத் திரையில் போட்டால் என்ன? கத்தோலிக்கரிடம் கடன் வாங்கினோம் என்று யாரும் வழக்குப் போடப்போவதில்லை.

ஆக மதிப்பெண்: பிரசங்கமும் வேதபாடமும் 5-க்கு 4½. ஜெப விண்ணப்பம் 5-க்கு 5. பாட்டு 5-க்கு 2, அதுவும் திரையில் வரும் எழுத்துக்காக. திருவிருந்துக்கு மதிப்பெண் இல்லை. அந்தப் பாடமே இதில் கிடையாது. படுக்கையில் இருப்பவர்கள், பிரசவமானவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், கோயிலுக்குள் வர இன்னும் மனம் ஆறாதவர்கள் தாராளமாகப் பாருங்கள். மழைத்தூறல் என்பதற்காக மட்டும் பார்க்கிறவர்கள் குடை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கமிட்டியின் கவனத்துக்கு: உத்தரத்திலிருந்து சபையின் தலைக்கு மேல் ஒரு மைக் தொங்கவிடுங்கள், பாட்டு தானாக வரும். ஆராதனை தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிஷம் கேமராவை வாசல் பக்கம் திருப்புங்கள், சம்மதிக்கிறவர்கள் கையசைத்துவிட்டுப் போகட்டும், அத்தைக்கு அவர் கேள்விக்கு விடை கிடைக்கும். குருவானவர் வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுப்பது இப்போது மாதக் கடைசியில், அவருக்கு ஒழியும்போது நடக்கிறது. அதை அந்த ஞாயிறே, ஆராதனை முடிந்த கையோடு, சபையார் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து செய்தால் அது பந்தியின் தொடர்ச்சியாக இருக்கும். கூடவரும் இரண்டு பேரில் ஒருவர் கணக்கு டீச்சராக இருக்கட்டும். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அத்தையும் சரி என்றுவிட்டார்.

கேமராவைத் திருப்ப ஆள் இல்லை என்ற சாக்கு வேண்டாம். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவன் இப்போது மயிலாடுதுறை வட்டாரம் முழுக்கக் கல்யாண வீடியோ எடுக்கிறான். ஞாயிறு முகூர்த்தம் இல்லாத நாளில் கூப்பிட்டால் வருவான்.